இறுக்கிக் கட்டிய படங்கு

செல்லசாமி தண்ணீர் தூக்குவதைப் பார்த்த அன்றைக்குத்தான் அழகம்மாவின் வயிறு பற்றிக்கொண்டது.

காலை நேரம். மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு எல்லாரும் தோட்டத்து லயத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜெயந்தினி போனாள். இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி ஒரு சின்னக் குடம், அதுவும் அரைக்குடம். அவளுக்குப் பின்னால் இரண்டு பெரிய வாளிகளோடு அவள் புருஷன் செல்லசாமி. தின்ற தட்டை எடுத்துக் கழுவாத செல்லசாமி. தேத்தண்ணி ஆறிப்போனதற்கு லயமே அதிரக் கத்துகிற செல்லசாமி. அந்த மனிதன் வாயைத் திறக்காமல், காற்சட்டையை நனைத்துக்கொண்டு, பெண்சாதிக்குப் பின்னால் ஏறிப் போனான்.

அழகம்மா தளும்பும் இரண்டு வாளிகளோடு பாதையில் அப்படியே நின்றாள்.

"என்னா தம்பி, இன்னைக்கு மழை கொட்டப் போவுது போல" என்று குத்தினாள்.

"அவளுக்கு முடியல அண்ணி" என்றான் செல்லசாமி, திரும்பிப் பார்க்காமல்.

முடியவில்லையாம். யாருக்குத்தான் முடிகிறது?

அழகம்மாவும் ஜெயந்தினியும் ஓரகத்திகள். அண்ணன் வீரய்யாவைக் கட்டியவள் அழகம்மா, தம்பி செல்லசாமியைக் கட்டியவள் ஜெயந்தினி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த ஒற்றை அறை வீடுகள், காம்பராக்கள். நடுவில் கூரையைத் தொடாத ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் கருவாடு பொரித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். ஜெயந்தினி புதுப்பெண்ணாக வந்ததிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, அவளுக்கு வாய்த்ததையெல்லாம் அழகம்மா எடை போட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய முடி நீளம். அவளுடைய பிள்ளை ஒரே தடவையில் பரீட்சை பாஸ். இதற்கெல்லாம் ஒருத்தி பொறாமைப்படுவாளா என்று கேட்பவர்கள், ஓரகத்தியோடு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு மாதம் குடியிருந்து பார்த்துவிட்டு வரட்டும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அழகம்மாவை யாரும் அசைக்க முடியாது. தேயிலைக் கொழுந்து எடுப்பதில் அந்தத் தோட்டப் பிரிவிலேயே அவள்தான் முதல் ஆள். எந்த மலையாக இருந்தாலும் கெட்டிக்காரிக்குக் கொடுக்கும் ஓரத்து நிரை அவளுக்கு. கொழுந்தை எடை போடும் நிறுவைக்குப் போகும்போது நிறைந்த பையை ஒரே தூக்கில் முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, விறுவிறுவென்று இறங்குவாள். மற்றவர்கள் பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பது அவளுக்குத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் காட்டிலிருந்து ஒரு பெரிய விறகுக்கட்டைத் தலையில் தூக்கிவைத்த அன்றைக்கு, அடிவயிற்றில் ஏதோ நழுவி இறங்கியது. அன்றிலிருந்து அவளுக்கு அடி இறக்கம். கருப்பை தன் இடத்தில் நிற்காமல் கீழே சரிந்து, குந்தினால், தும்மினால், பாரம் தூக்கினால், ஒரு பந்து மாதிரி பிள்ளை வரும் வாசலில் வந்து நிற்கும். சாயங்காலமானால் இடுப்பு கழன்று விழுவது போல இருக்கும். படுத்தால் உள்ளே போய்விடும். காலையில் எழுந்தால் மறுபடியும் ஆரம்பம்.

யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூட. எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது? அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் படாமலிருக்க, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த துணி இருக்கிறதே, படங்கு, அதை மூச்சு முட்ட இறுக்கிக் கட்டுவது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, வயிற்றை எக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போடுவாள். இறுக்கிக் கட்டிய மூட்டையிலிருந்து எதுவும் விழாது என்பது அவள் கணக்கு. ஒன்பது வருடமாக அந்தக் கயிற்றில்தான் தன் மானத்தைக் கட்டி வைத்திருந்தாள்.

அந்த வாரத்திலேயே இரண்டாவது அடி விழுந்தது. நிறுவை நேரத்தில் ஜெயந்தினி பாதிப் பையோடு வந்து கொட்டிவிட்டு, மெதுவாக மறுபடி மலை ஏறி, மிச்சத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கங்காணி கந்தப்பன் ஒரு சொல் சொல்லவில்லை. தராசு காத்திருந்தது. அவளுடைய படங்கைப் பார்த்தாலோ, சேலைக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அழகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கங்காணி ஐயா, ரெண்டு நடைன்னு ஒரு சட்டம் வந்திருக்கா? எல்லாத்துக்குமா, இல்ல சில பேருக்கு மட்டுமா?"

"கடுதாசி குடுத்திருக்கு அழகம்மா. மேல இருக்கிற கண்டாக்கையாவே சரின்னுட்டாரு" என்றான் கந்தப்பன். "ஒனக்கும் கடுதாசி இருந்தா கொண்டா. நானா வேணாங்குறேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அழகம்மாவும் சிரித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் பல்லைத் தவிர வேறொன்றும் இல்லை.

கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதை யூஜினா சொன்னாள். யூஜினா அதே மலையில் கொழுந்தெடுப்பவள். அவள் காதில் விழுந்தது அரை மணி நேரத்தில் கோயில், சேர்ச், பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவம் எல்லாம் சுற்றி வந்துவிடும்.

"ஒங்க ஓரகத்திக்கு அடி எறக்கமாம் அழகம்மாக்கா. டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போயி காட்டியிருக்கா. அவளே சொல்லுறா, கூச்சமே இல்லாம. பாரம் தூக்கக்கூடாதாம். என்னமோ எக்சசைஸ் குடுத்திருக்காங்களாம். இப்ப எவ்வளவோ பரவாயில்லையாம்."

அழகம்மாவுக்குக் காது இரண்டும் சுட்டது. முதலில் வெட்கம், தன் பாவாடையையே யாரோ தூக்கிப் பார்த்துவிட்டது போல. அதற்குப் பின்னால் வந்தது கோபம். அது என்ன மாதிரிக் கோபம் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ: என் வியாதியை இவள் எடுத்துக்கொண்டாளே என்ற கோபம். ஒன்பது வருடமாக நான் பொத்திப் பொத்தி வைத்து, பல்லைக் கடித்துத் தூக்கிச் சுமந்ததை, நேற்றுத்தான் வியாதி வந்த இவள் ஊரறியச் சொல்லி, புருஷனைத் தண்ணீர் தூக்க வைத்து, கங்காணியைக் காத்திருக்க வைத்து, மகாராணியாகிவிட்டாளே. அதே வியாதி. அவளுக்கு அரைக்குடம், எனக்கு இரண்டு வாளி.

நல்ல மனசுள்ள ஒருத்தியாக இருந்தால் அன்று சாயங்காலமே பலகையைத் தட்டி, "அடியே, எனக்கும்தான்" என்று சொல்லியிருப்பாள். அழகம்மாவுக்கு நாக்கு எழும்பவில்லை. ஜெயந்தினியிடம் போய்க் கேட்பதா? உப்புக்குக்கூட அவளிடம் போகாதவள்.

ஆனால் கேட்காமலே தெரிந்துகொள்ள வழி இருந்தது. தடுப்பில் இரண்டு பலகைக்கு நடுவே விரல் அகலத்தில் ஓர் இடைவெளி. மறுநாள் வேலை முடிந்து வந்ததும் அடுப்படியில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அழகம்மா அங்கே போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் ஜெயந்தினி பாயில் மல்லாந்து படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை. முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று முணுமுணுத்தாள். ஏழு வரைக்கும் போனாள். பிறகு பேசாமல் கிடந்தாள். மறுபடி ஒண்ணு, ரெண்டு. கை அசையவில்லை, கால் அசையவில்லை. முகத்தில் மட்டும் நெற்றி இலேசாகச் சுருங்கியது. பத்துத் தடவை அப்படிச் செய்துவிட்டு, பக்கவாட்டில் புரண்டு, கையை ஊன்றி எழுந்தாள்.

அழகம்மா யோசித்தாள். ஒன்றும் அசையவில்லை, ஆனால் முகம் சுருங்குகிறது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? முக்குகிறாள். பிள்ளை பெறும்போது முக்குவது போல மூச்சைப் பிடித்து முக்குகிறாள். அப்படி முக்கி முக்கித்தான் அந்த இடத்துச் சதையைக் கல்லாக்குகிறார்கள் போலிருக்கிறது. மூன்று பிள்ளை பெற்றவளுக்கு முக்கச் சொல்லியா தர வேண்டும்?

அன்றைக்கே ஆரம்பித்தாள். ஜெயந்தினி பத்து என்றால் அழகம்மா முப்பது. ஜெயந்தினி ஏழு எண்ணினால் அழகம்மா பதினைந்து. படங்கையும் அவிழ்க்காமல், மூச்சை அடைத்து, கழுத்து நரம்பு புடைக்க, கீழே கீழே என்று தள்ளினாள். வியர்த்து ஊற்றியது. எழுந்திருக்கும்போது ஜெயந்தினியைவிட இருபது கூடச் செய்துவிட்டோம் என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்தியிலேயே இரண்டு வாளியையும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.

இரண்டு வாரம். அவளுக்கு ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. முன்பெல்லாம் சாயங்காலம் வரும் பந்து இப்போது பத்து மணிக்கே வந்தது. நடந்தால் உரசியது. சிறுநீர் கழித்துவிட்டு எழுந்தால் மறுபடி குந்தத் தோன்றியது. பலகைக்கு அந்தப் பக்கமோ ஜெயந்தினி நாளுக்கு நாள் நிமிர்ந்தாள். முன்பு ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நடந்தவள், இப்போது நேராக நடக்கிறாள். பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில் கல்லில் உட்கார்ந்து யூஜினாவோடு சிரிக்கிறாள். அவள் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அழகம்மா கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். முப்பதை நாற்பதாக்கினாள்.

ஏழாம் நம்பர் மலை செங்குத்தானது. அன்றைக்கு விடியலிலிருந்தே தூறல். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து நிரை விழுந்தது. அழகம்மா வேண்டுமென்றே முந்திக்கொண்டு போனாள். நிறுவைக்கு விசில் ஊதியபோது அவள் பை வாய் வரை நிறைந்திருந்தது. நனைந்த கொழுந்து, சாதாரண நாளைவிட ஒன்றரை மடங்கு பாரம்.

கீழே ஜெயந்தினி தன் பையைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கெல்லாம் ரெண்டு நட கெடையாதும்மா" என்று அழகம்மா மலைக்குக் கேட்கும்படி சொன்னாள். சொல்லிவிட்டு, காலை அகட்டி, மூச்சை அடைத்து, ஒரே தூக்கில் பையை முதுகுக்கு ஏற்றினாள்.

ஏற்றினாள் என்பது சரி. அந்த நொடியிலேயே உள்ளே இருந்த பிடியெல்லாம் விட்டுப்போனது. வழக்கமாக வாசலில் வந்து நிற்பது, இந்தத் தடவை வாசலைத் தாண்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. தொடையில் படுவது தெரிந்தது. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பை ஒரு பக்கம் சரிந்து விழ, அழகம்மா தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஈரத்தில் உட்கார்ந்தாள். செத்துப்போனால் தேவலை என்று நினைத்தாள். கங்காணி வருவான். ஆம்பிளைகள் தூக்குவார்கள். ஒன்பது வருடம் பொத்தி வைத்ததை ஏழாம் நம்பர் மலையே பார்க்கும்.

வந்தது ஜெயந்தினி. உலகத்தில் வேறு யார் வந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது அழகம்மாவுக்கு.

ஜெயந்தினி என்ன ஏதென்று கேட்கவில்லை. குனியாமல், முழங்காலை மடக்கிப் பக்கத்தில் இறங்கினாள். முதல் காரியமாக அவள் கை படங்குக் கயிற்றுக்குத்தான் போனது. நனைந்து இறுகிய முடிச்சை நகத்தாலும் பல்லாலும் அவிழ்த்தாள். கயிறு விட்டதும் அழகம்மாவின் வயிற்றில் பட்டை பட்டையாகச் சிவந்திருந்தது.

"இப்பிடியா கட்டுவீங்க? சாப்பாட்டுப் பொதிய நடுவுல இறுக்குனா சோறு எங்க போவும்? கீழதான பிதுங்கும்!" என்று திட்டினாள். "படுங்க. தலய கீழ்ப்பக்கமா வச்சிப் படுங்க. இடுப்பு மேட்டுல இருக்கட்டும். வாயால மூச்ச விடுங்க. அடக்காதீங்க அக்கா, விடுங்க."

அழகம்மா சரிவில் தலைகீழாகப் படுத்தாள். ஜெயந்தினி காலியாக்கிய தன் பையைச் சுருட்டி அவள் இடுப்புக்குக் கீழே கொடுத்தாள். செடிகள் இரண்டு பக்கமும் மறைத்தன. மேலே தூறல். மூச்சு விட விட, கொஞ்சம் கொஞ்சமாக அது உள்ளே பின்வாங்குவது தெரிந்தது. மிச்சத்தை ஜெயந்தினி சொன்னபடி நனைந்த துணியால் மெதுவாக அழகம்மாவே தாங்கி உள்ளே விட்டாள்.

கீழேயிருந்து கந்தப்பன் கத்தினான். "மேல என்னா நடக்குது?"

"அக்காவுக்குத் தல சுத்து! நாங்க வாறோம், நீங்க நிறுங்க!" என்று ஜெயந்தினி பதிலுக்குக் கத்தினாள்.

இதற்காகவாவது அழகம்மா நன்றி சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு. "நீ செய்யிறததான்டி நானும் செஞ்சேன். ஒன்னவிடக் கூடத்தான் செஞ்சேன். ஒனக்கு மட்டும் எப்பிடிச் சரியாவுது?"

"என்னா செஞ்சீங்க?"

"முக்குனேன்."

"முக்குனீங்களா!"

"பலகச் சந்துல பாத்தேன். நீ பத்து. நான் நாப்பது."

ஜெயந்தினி கையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அழகம்மாவுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது.

"அய்யோ அக்கா. அது முக்குறது இல்ல. நேர் எதிரு. காத்துப் போக வருது, சபையில ஒக்காந்திருக்கோம், எப்பிடி அடக்குவோம்? அப்பிடி மூடி, உள்ளுக்கு மேல இழுக்கணும். வயிறு இறுகக்கூடாது. மூச்சு அதுபாட்டுக்குப் போயிட்டு வரணும். எண்ணி முடிச்சதும் விட்டுறணும், அதே அளவு நேரம் ஓய்வு. வெளியில ஒண்ணுமே தெரியாது அக்கா. எனக்கே மூணு கிளினிக் போன பொறகுதான் புடிபட்டிச்சு. நீங்க நாப்பது தடவ வெளிய தள்ளியிருக்கீங்க, ரெண்டு வாரமா."

அழகம்மா வானத்தைப் பார்த்தாள். பார்த்துத் திருடியதில் பார்க்க முடியாதது ஒன்று இருந்திருக்கிறது.

"ஒனக்கு எனக்கிருக்கிறது தெரியுமா?"

ஜெயந்தினி ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அஞ்சு வருசமாத் தெரியும். நீங்க பீலியில கால ஒட்டி வச்சி நிக்கிறதப் பாத்தா தெரியாதா? தும்மல் வந்தா ஒக்காந்துருவீங்க. கேட்டா என்னைய கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பீங்க, அதான் கேக்கல." பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வந்தப்ப ஒங்க ஞாபகந்தான் வந்திச்சு. அக்கா மாதிரி ஆயிறக்கூடாதுன்னு பயத்துலதான் அந்த வாரமே டிக்கோயாவுக்கு ஓடுனேன்."

அந்தச் சொல் அழகம்மாவுக்குள் எங்கே போய்க் குத்தியது என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் ஜெயந்தினியைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள். ஜெயந்தினி அவளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அன்றைக்கு அழகம்மாவின் கொழுந்து மூன்று நடையில் இறங்கியது. இரண்டு நடை யூஜினா, ஒரு நடை கந்தப்பனே. ஓரத்து நிரைக்காரி வெறுங்கையோடு, ஜெயந்தினியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அடுத்த கிளினிக் நாளில் இருவரும் பஸ்ஸில் டிக்கோயாவுக்குப் போனார்கள். டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, மெத்தென்ற ஒரு வளையத்தை உள்ளே வைத்து, அது தாங்கும் என்றார். ஒப்பரேஷன் பற்றிப் பிறகு பேசலாம், அதுவரை பயிற்சி என்றார். பயிற்சி சொல்லிக் கொடுத்தது கிளினிக் நர்ஸ் இசபெல் மிஸ்ஸி. கையுறை போட்ட விரலை வைத்து, "இப்ப உள்ளுக்கு இழுத்துப் பிடிங்க, பாப்போம்" என்றார். அழகம்மா பழக்கத்தில் முக்கினாள். "இல்ல, இது தள்ளுறது. இழுங்க." நாலைந்து தடவைக்குப் பிறகு எங்கோ ஆழத்தில், தனக்கே சொந்தமென்று தெரியாத ஒரு சதை இலேசாக எழுந்தது.

"அதுதான்! அதேதான். மூணு செக்கன் நிக்குது. இனி இருமப் போறீங்கன்னா, தும்மப் போறீங்கன்னா, எதையாவது தூக்கப் போறீங்கன்னா, மொதல்ல இத இழுத்துப் பிடிச்சிட்டு, மூச்ச வெளிய விட்டுக்கிட்டே செய்யுங்க. தூக்குறத ஒடம்போட ஒட்டி வச்சிக்கங்க. பெரிய பாரம் வேணாம். மலச்சிக்கல் வராமப் பாத்துக்கங்க, கக்கூசுல முக்கக்கூடாது. படங்கு சும்மா தொங்கட்டும்."

அழகம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் கேட்டாள். "மிஸ்ஸி, ஜெயந்தினிக்கு எத்தன செக்கன் நிக்குது?"

"மத்தவங்க விஷயம் சொல்ல ஏலாதும்மா" என்று மிஸ்ஸி சிரித்தார்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த ஜெயந்தினி அதைக் கேட்டதும் சொன்னாள். "மொத நாள் எனக்கு ரெண்டுதான் அக்கா நின்னிச்சு."

அது உண்மையோ, இரக்கப்பட்டுச் சொன்னதோ, யார் கண்டது. மூன்று இரண்டைவிடப் பெரிது. பஸ்ஸில் திரும்பும்போது அழகம்மாவின் முகம் ஹற்றன் வரைக்கும் வெளிச்சமாக இருந்தது.

தண்ணீர் மட்டும் மிச்சமிருந்தது. அதைச் சொல்லத்தான் அவளுக்கு மலையேறுவது போல இருந்தது. வீரய்யா கெட்டவன் இல்லை, பேச்சு கம்மி. தேயிலை பெக்டரியில் வேலை முடித்து வந்தால் முன் திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்து ரேடியோ கேட்பான், தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பான். பெண்சாதி தண்ணீர் தூக்குவதை ஒரு காரியமாக அவன் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலையில் அழகம்மா இரண்டு வாளிகளையும் வாசலில் வைத்துவிட்டு நின்றாள்.

"இந்தாங்க. தண்ணி தூக்கித் தாங்க."

வீரய்யா ரேடியோவிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். "ஏன், இடுப்பு வலியா?"

"அடி எறங்கியிருக்கு. தூக்கக்கூடாதாம்."

"எப்பயிலிருந்து?"

"ஒம்போது வருசம்."

வீரய்யா ரேடியோவை நிறுத்தினான். வாளிகளைப் பார்த்தான். எழுந்து இரண்டையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான். அழகம்மா சின்னக் குடத்தோடு பின்னால் போனாள். அவன் பீலியில் முறை நின்றான். பெண்களுக்கு நடுவே ஓர் ஆம்பிளை நிற்கிறானே என்று யூஜினா எதையோ சொன்னாள். அவன் காதில் வாங்கவில்லை. இரண்டு வாளியும் நிறைந்ததும், பீலியடியில் கிடந்த தங்கள் பழைய வாளி ஒன்றையும் நிரப்பி, அதை எடுக்கத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டு ஏறிப் போனான்.

ஜெயந்தினி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமாகிட்ட எப்பிடிக்கா சொன்னீங்க?"

"தூக்கித் தாங்கன்னேன்."

"அவ்வளவுதானா? ஒரே வார்த்தையா?" ஜெயந்தினியின் குரல் மாறியது. "எனக்கு ரெண்டு வாரம் ஆச்சுக்கா. ஒங்க பக்கம் கேக்காம கிசுகிசுன்னே சண்ட புடிச்சி, அழுது, சாப்பிடாமக் கெடந்து, கிளினிக் கடுதாசிய மூஞ்சியில வீசித்தான் அந்த மனுசன் வாளியத் தொட்டாரு. ஒங்களுக்கு ஒரே வார்த்தையில..."

அவள் வீரய்யா ஏறிப்போகும் பாதையையே பார்த்தாள். அந்தப் பார்வையை அழகம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதைத் தன் கண்ணில் இருபத்திரண்டு வருடம் சுமந்தவளுக்குத் தெரியாதா? ஜெயந்தினிக்கு வயிறு எரிகிறது. தன்னைப் பார்த்து, இந்த அழகம்மாவைப் பார்த்து எரிகிறது. இந்த ஒரு பார்வைக்காக அழகம்மா எத்தனை வருடம் காத்திருந்தாள்.

"ஆமாடி, ஒரே வார்த்ததான்" என்று பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தாள். ஆமாடி என்பது வந்தது. மிச்சம் வரவில்லை. ஒரே வார்த்தை. முதல் வருடமே சொல்லியிருந்தாலும் அதே வார்த்தைதான். அந்த மனிதன் அன்றைக்கும் ரேடியோவை நிறுத்திவிட்டு எழுந்திருப்பான். ஒன்பது வருடத்து வாளிகள் அவள் கண்ணுக்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதையில் ஏறின. அழகம்மா பீலிக்கரையில், அத்தனை பேருக்கும் முன்னால், குமுறிக் குமுறி அழுதாள்.

ஜெயந்தினி பொறாமையை மறந்து ஓடிவந்து அவள் முதுகைப் பிடித்தாள்.

"அடக்காதீங்க அக்கா. அடக்குனா எல்லாம் கீழதான் போவும். உள்ளுக்கு இழுத்துக்கங்க. மூச்ச வெளிய விடுங்க."

அழகம்மா இழுத்துப் பிடித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. மூச்சை வெளியே விட்டாள்.